பிரமாணப் பத்திரத்தைப் படிப்பது யார் வேலை?

கோயம்புத்தூர் மாவட்டம் மேட்டுப்பாளையத்தை அடுத்த தேக்கம்பட்டி, கோயில் யானைகளின் நலவாழ்வு முகாம் நடந்த ஊராகப் பலருக்குத் தெரியும். தேர்தல் சட்டம் படிப்பவர்களுக்கு அது வேறொரு காரணத்தால் முக்கியமான ஊர். 2006 உள்ளாட்சித் தேர்தலில் அங்கே ஊராட்சித் தலைவர் பதவிக்குப் போட்டியிட்டு வென்றவர், வேட்புமனுவோடு கொடுத்த உறுதிமொழியில் ஒரு குற்ற வழக்கை மட்டும் குறிப்பிட்டிருந்தார். குற்றப்பத்திரிகை வரை போய்விட்ட மற்ற வழக்குகளை அவர் சொல்லவில்லை. தேர்தல் செல்லாது என்று தொடுக்கப்பட்ட வழக்கு கோயம்புத்தூரில் தொடங்கி, சென்னை உயர் நீதிமன்றம் வழியாக உச்ச நீதிமன்றம் வரை போனது. தன் மீதுள்ள கடுமையான வழக்குகளை ஒரு வேட்பாளர் மறைத்தால், அது வாக்காளரின் சுதந்திரமான முடிவில் தலையிடுவதாகும், அதுவே தேர்தலைச் செல்லாததாக்கும் முறைகேடு என்று 2015 பிப்ரவரி 5 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இந்தியத் தேர்தல் சட்டத்தில் இது பெரிய தீர்ப்பு. ஆனால் அது வந்த தேதியையும் கவனிக்க வேண்டும். 2006இல் தேர்ந்தெடுக்கப்பட்டவரின் பதவிக்காலம் 2011லேயே முடிந்துவிட்டது. அவர் அந்தப் பதவியில் இருந்திருக்கக் கூடாது என்று இறுதியாக உறுதியானபோது, பதவிக்காலம் முடிந்து மூன்றாண்டுக்கும் மேல் ஆகியிருந்தது. ஐந்தாண்டு நிர்வாகமும் அதற்குள் நடந்து முடிந்திருந்தது.

இந்தக் காலதாமதத்துக்கு ஒரு நீதிமன்றத்தையோ ஒரு வழக்கறிஞரையோ குறை சொல்வதில் பயனில்லை. நம் தேர்தல் முறையின் அமைப்பே அப்படித்தான். வேட்பாளர் சொல்வது உண்மையா என்று வாக்குப்பதிவுக்கு முன்பே சோதித்துச் சொல்லும் அதிகாரி யாரும் இந்த அமைப்பில் இல்லை. அந்த வேலையைச் சட்டம் வாக்காளரிடமே விட்டிருக்கிறது. நம்மில் பெரும்பாலோர் அது நம் வேலை என்றே அறியாமல் வாக்குச்சாவடிக்குப் போய்வருகிறோம்.

பத்திரம் வந்த வழி

இன்று சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல்களில் போட்டியிடும் ஒவ்வொருவரும் படிவம் 26 என்ற பிரமாணப் பத்திரத்தைத் தாக்கல் செய்கிறார்கள். எப்போதும் இருந்துவந்த நடைமுறை போல அது தோன்றலாம். 2002 வரை அப்படி ஒன்று கிடையாது. தொகுதியில் நிற்பவர் மீது கொலை வழக்கு இருக்கிறதா, அவருக்கு எவ்வளவு சொத்து இருக்கிறது, எந்த வங்கிக்கு எவ்வளவு கடன் பாக்கி என்று கேட்க வாக்காளருக்கு எந்த வழியும் இருக்கவில்லை. ஊர்ப் பேச்சும் வதந்தியும்தான் தகவல்.

1999இல் அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகப் பேராசிரியர்கள் சிலர் ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம் என்ற அமைப்பைத் தொடங்கி, டெல்லி உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார்கள். வேட்பாளர்களின் குற்றப் பின்னணியும் சொத்து விவரமும் வெளியிடப்பட வேண்டும் என்று சட்ட ஆணையம் தன் 170ஆவது அறிக்கையில் அதே ஆண்டு பரிந்துரைத்திருந்தது. 2000 நவம்பரில் உயர் நீதிமன்றம் வழக்குத் தொடுத்தவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. மத்திய அரசு மேல்முறையீட்டுக்குப் போனது. 2002 மே 2 அன்று உச்ச நீதிமன்றம் அந்த மேல்முறையீட்டை ஏற்காமல், வேட்பாளரைப் பற்றி அறியும் உரிமை வாக்காளருக்கு உண்டு, கருத்துச் சுதந்திரத்தைத் தரும் அரசமைப்புச் சட்டப் பிரிவு 19(1)(அ)விலேயே அது அடங்கியிருக்கிறது என்று அறிவித்தது. வாக்களிப்பதும் ஒரு கருத்தை வெளியிடுவதுதான், விவரம் தெரியாதவரால் கருத்தை உருவாக்கிக்கொள்ள முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

அடுத்து நடந்ததைத்தான் ஒவ்வொரு வாக்காளரும் நினைவில் வைத்திருக்க வேண்டும். நாடாளுமன்றத்தில் எதிரும் புதிருமாக நின்ற கட்சிகள் எல்லாம் இந்த ஒரு விஷயத்தில் ஒரே அணியில் நின்றன. தீர்ப்பின் வீச்சைக் குறைக்க ஓர் அவசரச் சட்டம் தயாரானது. குடியரசுத் தலைவராகப் பொறுப்பேற்று ஒரு மாதம்கூட ஆகியிராத அப்துல் கலாம், விளக்கம் கேட்டு அதைத் திருப்பி அனுப்பினார். அமைச்சரவை மாற்றமின்றி மறுபடியும் அனுப்பிவைத்தது. அரசமைப்புச் சட்டப்படி வேறு வழியில்லாத நிலையில் 2002 ஆகஸ்ட் 24 அன்று அவர் கையெழுத்திட்டார். பிறகு அது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 33பி என்ற பிரிவாக இடம்பெற்றது. எந்த நீதிமன்றம் என்ன தீர்ப்பு சொல்லியிருந்தாலும், இந்தச் சட்டம் கேட்கும் தகவலைத் தவிர வேறெதையும் வேட்பாளர் தர வேண்டியதில்லை என்றது அந்தப் பிரிவு. 2003 மார்ச் 13 அன்று, மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 33பி பிரிவை ரத்து செய்தது.

நமக்குக் கிடைத்திருக்கும் பிரமாணப் பத்திரம் எந்தக் கட்சியும் மனமுவந்து தந்தது இல்லை. கட்சிகள் ஒன்றுசேர்ந்து தடுத்தும், வழக்குப் போட்டு வாங்கியது. அப்படி வாங்கிய உரிமையைப் பயன்படுத்தாமல் விட்டால் யாருக்கு லாபம் என்பதை விளக்கத் தேவையில்லை.

அதிகாரி எதைப் பார்ப்பார், எதைப் பார்க்க மாட்டார்

வேட்புமனு பரிசீலனை நாளில் தேர்தல் நடத்தும் அலுவலர் பத்திரத்தைப் பார்க்கிறார். எல்லாக் கட்டங்களும் நிரப்பப்பட்டிருக்கின்றனவா, உறுதிமொழி முறைப்படி எடுக்கப்பட்டிருக்கிறதா என்பதுதான் அவர் பார்வை. கட்டங்களை வெறுமையாக விடுவதே தகவலை மறைப்பதற்குச் சமம், நினைவூட்டிய பிறகும் நிரப்பாவிட்டால் மனுவைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2013 செப்டம்பரில் தலைமை நீதிபதி ப. சதாசிவம் தலைமையிலான அமர்வு தெளிவுபடுத்தியது. ஆனால் நிரப்பியது பொய்யாக இருந்தால், அந்தக் காரணத்துக்காக மனுவைத் தள்ளும் அதிகாரம் தேர்தல் நடத்தும் அலுவலருக்கு இல்லை. பொய்யான பத்திரத்துக்கு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 125ஏ பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். அதற்குத் தனியே வழக்கு நடத்தியாக வேண்டும். தேர்தலையே எதிர்த்து வழக்குப் போட வேண்டுமென்றால், முடிவு வந்த பிறகுதான் போடலாம். அந்த வழி எவ்வளவு நீளம் என்பதற்குத் தேக்கம்பட்டியே சாட்சி.

அதே நேரத்தில் பத்திரத்தை மக்கள் பார்வைக்கு வைப்பதில் சட்டம் கஞ்சத்தனம் காட்டவில்லை. தாக்கலான பத்திரத்தின் நகல் தேர்தல் நடத்தும் அலுவலரின் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படுகிறது, தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் ஏற்றப்படுகிறது. ஆணையத்தின் செயலி வழியாகவும் வேட்பாளரைப் பற்றி அறியலாம். பத்திரத்தில் உள்ளது தவறு என்று யாராவது எதிர்ப் பத்திரம் தாக்கல் செய்தால் அதுவும் வெளியிடப்படும். மனுவைத் திரும்பப் பெறும் கடைசி நாளுக்கும் வாக்குப்பதிவுக்கும் இடையே குறைந்தது 14 நாள் இடைவெளி இருக்க வேண்டும் என்கிறது சட்டம். பொய்யைத் தேர்தலுக்கு முன்பே கண்டுபிடிக்க முடிந்த காலம் இந்த இரண்டு வாரம்தான். அதைப் பயன்படுத்தக்கூடியவர் வாக்காளர் மட்டுமே.

கட்டம் கட்டமாக

நம் ஊரில் இரண்டு சென்ட் மனை வாங்குவதென்றாலும் 30 ஆண்டு வில்லங்கம் போட்டுப் பார்க்காமல் யாரும் முன்பணம் கொடுப்பதில்லை. படிவம் 26 கிட்டத்தட்ட வேட்பாளரின் வில்லங்கச் சான்று. சொத்துப் பத்திரத்தைப் புரட்டிப் பழகியவர்களுக்கு இதைப் படிப்பது கடினமே இல்லை.

முதல் பக்கங்களில் வேட்பாளர், அவருடைய கணவர் அல்லது மனைவி, சார்ந்திருப்போர் ஆகியோரின் பான் எண்ணும், வருமான வரிக் கணக்கில் காட்டிய ஐந்தாண்டு வருமானமும் இருக்கும். அடுத்து குற்ற வழக்குகள்: எஃப்.ஐ.ஆர். எண், காவல் நிலையம், சட்டப் பிரிவு, நீதிமன்றம் குற்றச்சாட்டு வனைந்துவிட்டதா என்ற விவரம். அதன் பிறகு அசையும் சொத்து. கையிருப்பு ரொக்கம், வங்கி வைப்பு, பங்குகள், காப்பீடு, பிறருக்குக் கொடுத்த கடன், வாகனம், எடையோடு தங்க நகை என்று வரிசையாக வரும். அசையாச் சொத்தில் விவசாய நிலம், மனை, வணிகக் கட்டடம், வீடு ஒவ்வொன்றுக்கும் சர்வே எண், பரப்பு, பரம்பரையாக வந்ததா என்ற விவரம், வாங்கிய தேதி, வாங்கிய விலை, இன்றைய மதிப்பு இருக்கும். பிறகு கடன்களும் அரசுக்குச் செலுத்த வேண்டிய பாக்கிகளும். அரசுக் குடியிருப்பில் இருந்தவர் என்றால் வாடகை, மின்சாரம், குடிநீர், தொலைபேசிப் பாக்கி உண்டா என்பதும் தெரியும். 2018இல் வந்த இன்னொரு தீர்ப்புக்குப் பிறகு வருமானம் எங்கிருந்து வருகிறது என்பதையும், அரசோடு ஒப்பந்தம் எதுவும் இருக்கிறதா என்பதையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்தப் பத்திரத்தைப் படிக்கும்போது நான்கு கேள்விகளைக் கையில் வைத்திருந்தால் போதும்.

முதல் கேள்வி: போன தடவை என்ன சொன்னார்? ஏற்கெனவே போட்டியிட்டவர் என்றால் பழைய பத்திரமும் இணையத்தில் கிடைக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இப்படி இந்தியா முழுவதும் பத்திரங்களை ஒப்பிட்ட ஓர் ஆய்வை ரேமண்ட் ஃபிஸ்மேனும் சக ஆய்வாளர்களும் 2014இல் வெளியிட்டார்கள். சட்டமன்றத் தேர்தல்களில் வென்றவர்களின் சொத்து, அவர்களிடம் தோற்று இரண்டாம் இடம் வந்தவர்களின் சொத்தைவிட ஆண்டுக்கு 3 முதல் 5 விழுக்காட்டுப் புள்ளி கூடுதல் வேகத்தில் வளர்ந்திருந்தது. நிலத்தின் விலை ஏறியதாலும் சொத்து மதிப்பு கூடும், அது குற்றமில்லை. புதிதாக எது சேர்ந்தது, அதை வாங்கும் வருமானம் ஐந்தாண்டுக் கணக்கில் இருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இரண்டாவது: போட்டிருக்கும் மதிப்பு பொருந்துகிறதா? சர்வே எண் கையில் இருந்தால் பதிவுத்துறை இணையதளத்தில் அந்த இடத்தின் வழிகாட்டி மதிப்பைப் பார்க்கலாம், வருவாய்த்துறை இணையதளத்தில் பட்டா விவரத்தைத் தேடலாம். உள்ளூர்க்காரருக்கு அதுகூட வேண்டியதில்லை. பேருந்து நிலையத்தை ஒட்டிய இடத்துக்கு என்ன விலை போகிறது என்பது அங்கே கடை வைத்திருப்பவருக்குத் தெரியாதா? டெல்லியில் இருக்கும் எந்த அதிகாரிக்கும் தெரியாத விவரம் அவருக்குத் தெரியும்.

மூன்றாவது: வழக்கு எப்படிப்பட்டது? வழக்குகளின் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பது ஏமாற்றிவிடும். மறியல், ஆர்ப்பாட்டம் செய்தவர்கள் மீது வழக்கமாகப் போடப்படும் பிரிவுகள் இந்திய தண்டனைச் சட்டத்தின் 143, 188, 341 போன்றவை: சட்டவிரோதமாகக் கூடுதல், உத்தரவை மீறுதல், வழிமறித்தல். கூடங்குளம் போராட்டத்தின்போது இடிந்தகரை வட்டார மக்கள் ஆயிரக்கணக்கானோர் மீது வழக்குகள் பதியப்பட்டன, தேசத்துரோகப் பிரிவுகூட விட்டுவைக்கப்படவில்லை. மக்களோடு தெருவில் நின்ற ஒருவருக்கு இப்படி இருபது வழக்கு இருக்கலாம். 302 என்றால் கொலை, 307 என்றால் கொலை முயற்சி, 409 என்றால் பொறுப்பில் இருந்துகொண்டு செய்த நம்பிக்கை மோசடி, 420 என்றால் ஏமாற்றுதல். இப்படி ஒரே ஒரு வழக்கு, அதிலும் நீதிமன்றம் குற்றச்சாட்டு வனைந்த வழக்கு இருந்தால், முன்னவரின் இருபதைவிட அது கனமானது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்து எண்கள் மாறியிருப்பதையும் கவனிக்க வேண்டும். அதில் கொலை 103ஆம் பிரிவு, ஏமாற்றுதல் 318, சட்டவிரோதக் கூட்டம் 189.

நான்காவது: இவரைத்தான் நிறுத்த வேண்டுமா? குற்ற வழக்கு உள்ள ஒருவரை வேட்பாளராக்கும் கட்சி, வழக்கு இல்லாத ஒருவரை ஏன் தேர்ந்தெடுக்க முடியவில்லை என்று காரணம் எழுதி வெளியிட வேண்டும், வெற்றி வாய்ப்பு உண்டு என்பது மட்டுமே காரணமாக இருக்கக் கூடாது என்று 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பீகார் தேர்தலில் இதைச் சரியாகப் பின்பற்றாத கட்சிகளுக்கு 2021இல் அபராதமும் விதித்தது. கட்சிகள் எழுதும் அந்தக் காரணங்களைத் தொகுதி மக்கள் படித்து, அதே கட்சிக்காரரிடம் விளக்கம் கேட்டால்தான் அந்த உத்தரவுக்கு உயிர் வரும்.

வேட்பாளரின் வீட்டில் உள்ள ஒவ்வொரு பொருளையும் தோண்டுவது இதன் நோக்கமில்லை. அருணாசலப் பிரதேச வழக்கொன்றில் 2024 ஏப்ரலில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், பொதுப் பதவிக்குத் தொடர்பில்லாத விஷயங்களில் வேட்பாளருக்கும் அந்தரங்க உரிமை உண்டு என்றது. அது நியாயமான எல்லை. நமக்கு வேண்டியது நம் வரிப்பணத்தை அவரிடம் ஒப்படைக்கலாமா என்று முடிவு செய்யத் தேவையான அளவு.

அறிந்தால் மட்டும் போதுமா?

இங்கே ஒரு வலுவான எதிர்வாதம் இருக்கிறது. அதைத் தட்டிக்கழிக்காமல் எதிர்கொள்ள வேண்டும். 1957இல் அமெரிக்கப் பொருளியலாளர் அந்தோணி டவுன்ஸ் அதை முதலில் தெளிவாக எழுதினார். லட்சக்கணக்கான வாக்குகளில் என் ஒரு வாக்கு முடிவை மாற்றும் வாய்ப்பு மிகக் குறைவு. அந்த வாக்கைச் சரியாகப் போடுவதற்காக நேரம் செலவழித்து விவரம் சேகரிப்பதில் தனிமனிதருக்கு லாபமில்லை. எனவே அறியாமல் இருப்பதே புத்திசாலித்தனம் என்று ஆகிவிடுகிறது. கூலி வேலைக்குப் போய் இரவு வீடு திரும்பும் ஒருவரிடம் முப்பது பக்கப் பத்திரத்தைப் படி என்று சொல்வது எளிதா?

இரண்டாவது எதிர்வாதம் இன்னும் கசப்பானது. குற்றப் பின்னணி உள்ளவர்கள் ஏன் ஜெயிக்கிறார்கள் என்று விரிவாக ஆராய்ந்து 2017இல் நூல் வெளியிட்ட மிலன் வைஷ்ணவ், மக்கள் தெரியாமல் ஏமாறவில்லை, பல இடங்களில் தெரிந்தேதான் வாக்களிக்கிறார்கள் என்று காட்டினார். காவல் நிலையத்திலும் தாலுகா அலுவலகத்திலும் சாதாரண மனிதருக்கு வேலை நடக்காத இடத்தில், மிரட்டியாவது வேலையை முடித்துத் தருபவர் தேவைப்படுகிறார். சாதிப் பிரிவினை ஆழமாக உள்ள இடத்தில் 'நம்மவர்' என்ற ஒன்று மற்ற எல்லாக் கேள்விகளையும் அமுக்கிவிடுகிறது.

களச் சோதனைகளின் முடிவுகளும் ஒரே திசையில் இல்லை. பெனின், பிரேசில், புர்க்கினா ஃபாசோ, மெக்சிகோ, உகாண்டா ஆகிய நாடுகளில் ஒருங்கிணைந்து நடத்தப்பட்டு 2019இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு ஒன்றில், பதவியில் இருப்பவர்களின் செயல்பாட்டைத் தனித்தனி வாக்காளர்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்ததால் சராசரியாக எந்த மாற்றமும் ஏற்படவில்லை. அதே பிரேசிலில் கதை வேறு விதமாகவும் நடந்திருக்கிறது. 2003இல் அங்கே மத்திய அரசு குலுக்கல் முறையில் நகராட்சிகளைத் தேர்ந்தெடுத்துக் கணக்குத் தணிக்கை செய்து, அறிக்கையை வெளியிடத் தொடங்கியது. 2004 தேர்தலுக்கு முன்பே அறிக்கை வெளியான ஊர்களையும் பிறகு வெளியான ஊர்களையும் கிளாடியோ ஃபெராஸ், ஃபிரடெரிகோ ஃபினான் இருவரும் ஒப்பிட்டார்கள். ஊழல் அம்பலமான மேயர்கள் மீண்டும் வெல்வது குறைந்திருந்தது. உள்ளூர் வானொலி இருந்த ஊர்களில் அந்தச் சரிவு இன்னும் பெரிது.

நமக்கு மிக நெருக்கமான சான்று டெல்லியிலிருந்து வருகிறது. 2008 சட்டமன்றத் தேர்தலின்போது குடிசைப் பகுதி மக்களிடம் ஒரு செய்தித்தாள் இலவசமாகக் கொடுக்கப்பட்டது. தொகுதி எம்.எல்.ஏ. சட்டமன்றத்துக்கு எத்தனை நாள் போனார், தொகுதி மேம்பாட்டு நிதியை எதற்குச் செலவழித்தார் என்ற மதிப்பெண் அட்டை அதில் இருந்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியாகத் திரட்டிய விவரம் அது. கூடவே, அவருடையதும் முக்கியப் போட்டியாளர்களுடையதுமான சொத்து, கல்வி, வழக்கு விவரங்களும் பிரமாணப் பத்திரத்திலிருந்து எடுத்துத் தரப்பட்டிருந்தன. அபிஜித் பானர்ஜி, ரோஹிணி பாண்டே உள்ளிட்ட பொருளியலாளர்கள் இதை ஆராய்ந்தார்கள். அட்டை போய்ச் சேர்ந்த பகுதிகளில் வாக்களித்தோர் விழுக்காடு கூடியது. நன்றாகச் செயல்பட்ட உறுப்பினர்களுக்குக் கூடுதல் வாக்கு கிடைத்தது. ஓட்டுக்குப் பணம் கொடுப்பதும் குறைந்தது.

இந்த முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தால் ஒன்று புலப்படுகிறது. தனியாக ஒருவர் காதில் போடும் தகவல் பெரும்பாலும் அவரோடு நின்றுவிடுகிறது. ஊரே கேட்கும்படி, ஒருவரை இன்னொருவரோடு ஒப்பிடும்படி, தெருவில் பேசும் மொழியில் சொல்லும் தகவல் வேலை செய்கிறது. வானொலியில் கேட்டவருக்கு, பக்கத்து வீட்டுக்காரரும் அதைக் கேட்டிருப்பார் என்று தெரியும். அங்கிருந்து பேச்சு தொடங்குகிறது. டவுன்ஸின் கணக்குத் தனி ஆளை மட்டுமே கணக்கில் எடுத்தது. வாக்கு ஒருவருடையதுதான், ஆனால் அறிதல் பலர் சேர்ந்து செய்யக்கூடிய காரியம். முப்பது பக்கத்தை ஒருவர் படித்து முப்பது பேருக்குச் சொன்னால் அந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். வைஷ்ணவ் காட்டும் வலி உண்மையானது. அதற்கு மருந்து தாலுகா அலுவலகத்தில் லஞ்சமில்லாமல் வேலை நடப்பது. அதைக் கேட்டு வாங்குவதற்கும் விவரம் தெரிந்த வாக்காளர்கள்தான் வேண்டும்.

படித்தவருக்கு மட்டுமா?

விவரம் அறிந்து வாக்களிக்க வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம், விவரம் தெரியாதவருக்கு வாக்கே எதற்கு என்று ஒரு குரலும் சேர்ந்து எழும். அந்தக் குரலை இடம் கொடுக்காமல் மறுக்க வேண்டும். அமெரிக்கத் தென் மாநிலங்களில் எழுத்தறிவுத் தேர்வு என்ற பெயரில் கறுப்பின மக்களைப் பல தலைமுறைகள் வாக்குச்சாவடிக்கு வெளியே நிறுத்தினார்கள். அதற்கு முடிவு கட்ட 1965இல் வாக்குரிமைச் சட்டம் வர வேண்டியிருந்தது. நம் நாட்டிலும் 1935 சட்டத்தின் கீழ் சொத்து, வரி, கல்வி என்ற அளவுகோல்களால் பெரும்பாலோர் வாக்கின்றியே இருந்தார்கள்.

விடுதலைக்குப் பின் அந்த அளவுகோல்களை எல்லாம் தூக்கியெறிந்தோம். 1951-52 பொதுத் தேர்தலில் வாக்காளர்கள் சுமார் 17.3 கோடி பேர். அவர்களில் பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் சின்னங்களை வைத்து அந்தத் தேர்தலை நடத்திக் காட்டினார். இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்று மட்டும் பதிவாகி, சொந்தப் பெயரைச் சொல்ல மறுத்ததால் ஏறத்தாழ 28 லட்சம் பெண்களின் பதிவு நீக்கப்பட்ட துயரமும் அதே தேர்தலில் நடந்தது. அங்கிருந்து இன்று தமிழ்நாட்டு வாக்குச்சாவடிகளில் பெண்கள் ஆண்களுக்கு நிகராக வரிசையில் நிற்கும் நிலைக்கு வந்திருக்கிறோம்.

எனவே இந்தக் கடமை பள்ளிப் படிப்போடு தொடர்புடையது இல்லை. நூறு நாள் வேலைக்குப் போகும் அம்மாவுக்குக் கூலி எத்தனை வாரம் தாமதமானது, ரேஷன் கடையில் பருப்பு எந்த மாதம் வரவில்லை, பள்ளிக்கூடக் கழிப்பறைக்குத் தண்ணீர் இருக்கிறதா என்பது துல்லியமாகத் தெரியும். அந்த அறிவு உயர்ந்த அரசியல் அறிவு. அதோடு, இதற்குப் பொறுப்பு ஊராட்சியா, மாநிலமா, ஒன்றியமா என்ற ஒரு விவரம் சேர்ந்தால் போதும், சரியான ஆளிடம் சரியான கேள்வி போய்ச் சேரும். பட்டம் பெற்றிருந்தும் வாட்ஸ்அப்பில் வந்த ஒற்றைப் படத்தைப் பார்த்து முடிவெடுப்பவரைவிட அவர் தெளிவான வாக்காளர்.

பணம் கேள்வியை வாங்குகிறது

தமிழ்நாட்டில் இதைப் பற்றி எழுதும் எவரும் ஓட்டுக்குப் பணத்தைப் பேசாமல் விட முடியாது. 2016இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் சட்டமன்றத் தொகுதிகளின் தேர்தலும், 2017 ஏப்ரலில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலும், 2019 ஏப்ரலில் வேலூர் மக்களவைத் தேர்தலும் பணப் பட்டுவாடாவால் ரத்தாயின. பணத்துக்காக ஒரு மக்களவைத் தொகுதியின் தேர்தல் ரத்தானது நாட்டிலேயே அதுதான் முதல் முறை. கொடுப்பது மட்டும் குற்றமில்லை, வாங்குவதும் சட்டப்படி குற்றம்.

வாங்கினாலும் மனசாட்சிப்படிதான் குத்துவோம் என்று பலர் சொல்கிறார்கள். வாக்கு ரகசியமானது, அவர்கள் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் கவரைக் கையில் வாங்கியவர் ஐந்தாண்டு கழித்து வாசலில் வந்து நிற்பவரிடம் கணக்குக் கேட்கத் தயங்குகிறார். பணம் வாங்க நினைப்பது அந்தத் தயக்கத்தைத்தான். வாக்கைவிட, பணம் கொடுப்பவர்களுக்கு அது பெரிய லாபம். டெல்லியில் விவரம் கிடைத்த இடத்தில் பணப் பட்டுவாடா குறைந்ததை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கட்சிகளுக்கு வரும் பணத்துக்கும் இது பொருந்தும். யார் கொடுத்தார் என்று வாக்காளருக்குத் தெரியாதபடி 2018 முதல் நடந்துவந்த தேர்தல் நன்கொடைப் பத்திரத் திட்டத்தை, வாக்காளரின் அறியும் உரிமையைக் காரணம் காட்டி 2024 பிப்ரவரி 15 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு ரத்து செய்தது. மார்ச் மாதம் பட்டியல் வெளியானபோது, மிக அதிகமாக 1,368 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வாங்கியிருந்தது கோயம்புத்தூரை முகவரியாகக் கொண்ட ஒரு லாட்டரி நிறுவனம் என்பது தெரியவந்தது. 2003லேயே லாட்டரிக்குத் தடை விதித்த மாநிலம் நம்முடையது. எந்தக் கட்சிக்கு வாக்களிப்பவராக இருந்தாலும், தம் கட்சிக்குப் பணம் தருவது யார், பதிலுக்கு அவர்கள் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்று அவர் கேட்டாக வேண்டும்.

செய்யக்கூடியவை

கடமை என்று சொன்னால் அது செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். தேர்தல் ஆணையம் முதலில் செய்ய வேண்டியது, ஸ்கேன் செய்த படங்களாகக் கிடக்கும் பத்திரங்களைத் தேடவும் ஒப்பிடவும் முடிந்த தமிழ் வடிவில் தருவது. தொகுதி வேட்பாளர்கள் எல்லோருடைய விவரத்தையும் ஒரே தாளில் சுருக்கி, பூத் ஸ்லிப்போடு சேர்த்து வீட்டுக்கு வீடு கொடுக்க முடியும். வாக்குச்சாவடி எங்கே என்று சொல்லும் தாளோடு, வேட்பாளர் யார் என்று சொல்லும் தாளையும் தருவதில் என்ன சிரமம்?

அது வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஊரில் உள்ள நூலகத்திலோ டீக்கடையிலோ மகளிர் குழுக் கூட்டத்திலோ, வேட்புமனு இறுதியான வாரத்தில் ஒரு மாலை எல்லா வேட்பாளர்களின் பத்திரத்தையும் உரக்கப் படிக்கலாம். கல்லூரி மாணவர்கள் செல்போனிலிருந்து எடுத்துப் படித்தால், நிலத்தின் விலையையும் வழக்கின் பின்னணியையும் பெரியவர்கள் சொல்வார்கள். எல்லாக் கட்சிக்காரர்களும் அங்கே இருக்கட்டும். யாருடைய பத்திரத்தையும் விட்டுவிடாமல் படிப்பது என்ற ஒரே விதியைக் காப்பாற்றினால் அது எந்தக் கட்சிக்கும் ஆதரவான கூட்டமாகாது.

தேர்தல் முடிந்த பிறகும் வேலை இருக்கிறது. தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூட வேண்டும். வரவு செலவுக் கணக்கை அங்கே கேட்கலாம். நகரத்தில் இருப்பவர்கள் வார்டு கவுன்சிலரிடம் கேட்கலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, பத்து ரூபாய்க் கட்டணத்தில், சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதி எங்கே செலவானது என்று மாவட்ட நிர்வாகத்தைக் கேட்கலாம். ஐந்தாண்டுக்கு ஒருமுறை போடும் வாக்கு நல்ல வாக்காக அமைவதற்கு இடையில் கேட்ட கேள்விகளும் கிடைத்த பதில்களும்தான் அடிப்படை.

நிற்பவர் யாருமே தகுதியில்லை என்று தோன்றினால் 2013 தீர்ப்புக்குப் பிறகு நோட்டா இருக்கிறது. அதையும் ஒரு முடிவாக மதிக்கலாம், பத்திரத்தைப் படித்த பிறகு எடுத்த முடிவாக இருந்தால். படிக்காமலே 'எல்லாரும் ஒண்ணுதான்' என்று சொல்வது வேட்பாளர்களில் நல்லவருக்கு இழைக்கும் அநீதி. அவர்கள் எல்லோரும் ஒன்று இல்லை. அந்த வித்தியாசம் அவர்கள் கையெழுத்திட்டுக் கொடுத்த காகிதத்தில் இருக்கிறது. அதைக் கண்டுபிடித்துச் சொல்லும் அதிகாரியை இந்த நாட்டின் சட்டம் நியமிக்கவில்லை, ஏனென்றால் 18 வயது நிரம்பிய ஒவ்வொருவரையும் அந்தப் பொறுப்புக்கு ஏற்கெனவே நியமித்திருக்கிறது.